காலவரிசையைக் கலைத்துப் பார்த்தல்: ஆங்கில வரலாற்று மாற்றம் குறித்த கணினிமொழியியல் ஆய்வேடுகள் – ஒரு திறனாய்வு

மொழி காலந்தோறும் மாறி வருகிறது என்பதைத் தமிழாசிரியருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் இழிபொருளுற்றுத் தீய மணத்தைக் குறிக்கலாயிற்று என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். ஆனால், அம்மாற்றம் எந்த நூற்றாண்டில் தொடங்கிற்று, எவ்வளவு விரைவாகப் பரவிற்று, அதையொத்த பிற சொற்கள் அதே விரைவில் மாறினவா என்று மாணவர் கேட்பாராயின், எண்ணிக்கை வழிப்பட்ட விடையொன்றை நாம் தருவதில்லை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, இத்தகைய வினாக்களுக்கு எண்களால் விடை கூற முடியும் என்னும் நம்பிக்கையின்மீது ஒரு துறையே எழுந்து நிற்கிறது.

அத்துறையில் எழுந்த முனைவர் பட்ட ஆய்வுகளையும் அவற்றையொட்டி வெளிவந்த கட்டுரைகளையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். அனைத்தையும் தொகுத்துரைப்பது நோக்கமன்று. தொடரமைப்பு மாற்றத்தை ஆராயும் ஒரு மரபையும் சொற்பொருள் மாற்றத்தை ஆராயும் மற்றொரு மரபையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். இவ்வாய்வுகளின் தகுதியைத் தீர்மானிப்பது தரவின் பேரளவோ கணினியின் ஆற்றலோ அன்று. மாற்றமே நிகழ்ந்திருக்க முடியாத ஓரிடத்தில் தம் கருவி என்ன காட்டும் என்று ஆய்வாளர் சோதித்தாரா இல்லையா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளுக்கு வரும் ஆய்வு முன்மொழிவுகளின் தலைப்புகளில் 'கணினி' என்னும் சொல் இடம்பெறத் தொடங்கியுள்ள இந்நாளில், அவற்றை மதிப்பிடும் பொறுப்பிலுள்ளோர்க்கு இவ்வினா அயலானதன்று.

'டூ' என்னும் துணைவினை

இன்றைய ஆங்கிலத்தில் 'நான் சொல்லவில்லை' என்பதை 'ஐ டூ நாட் சே' என்பர். பதினைந்தாம் நூற்றாண்டில் 'ஐ சே நாட்' என்பதே பெருவழக்கு. வினாத்தொடரும் அவ்வாறே. இன்று 'டூ யூ சே?' என்பது அன்று 'சே யூ?' என்றிருந்தது. தனக்கெனப் பொருளில்லாத ஒரு வினை, எதிர்மறையிலும் வினாவிலும் கட்டாயமாக வந்து நிற்கும் இவ்வியல்பு, ஆங்கிலத்தின் உறவுமொழிகளாகிய ஜெர்மனிலும் டச்சிலும் பொது இலக்கணமாக அமையவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் இஃது ஏன், எவ்வாறு நிலைபெற்றது?

இதற்குரிய தரவைத் திரட்டியவர் சுவீடனைச் சேர்ந்த அல்வார் எல்லெகோர்டு. 1953இல் வெளிவந்த அவரது நூல், பதினான்காம் நூற்றாண்டின் இறுதி முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான ஆங்கில உரைநடை நூல்களைப் படித்து, 'டூ' வந்த இடங்களையும் வராத இடங்களையும் தொடர்வகைதோறும் எண்ணி அட்டவணைப்படுத்தியது. உடன்பாட்டு வினா, எதிர்மறை வினா, எதிர்மறைக் கூற்று, உடன்பாட்டுக் கூற்று எனத் தனித்தனியே எண்ணியதோடு, 'நோ' (அறி), 'டவுட்' (ஐயுறு), 'கேர்' (கவலைகொள்) போன்ற சில வினைகள் எதிர்மறையில் 'டூ'வை நெடுங்காலம் ஏற்காமல் நின்றதைக் கண்டு அவற்றைத் தனிக்குழுவாகவும் பிரித்தார். கணினியின் துணையின்றிக் கையால் செய்த எண்ணிக்கை அது. அதை மறுத்து எழுதியவர்களும் அவ்வட்டவணையையே கையாண்டு மறுத்தார்கள் என்பது அதன் தரத்திற்குச் சான்று. இதே எல்லெகோர்டு 1962இல், 'ஜூனியஸ்' என்னும் புனைபெயரில் எழுதப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டு மடல்களின் ஆசிரியரைச் சொற்புள்ளியியலால் கண்டறிய முயன்றார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. எண்ணிப் பார்க்கும் பழக்கம் கணினியோடு பிறந்ததன்று.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் அந்தனி கிரோக் (அவர் 2021இல் மறைந்தார்) 1989இல் வெளியிட்ட கட்டுரையில் எல்லெகோர்டின் எண்களை மீண்டும் எடுத்தார். எந்தக் காலத்தை எடுத்தாலும் வினாத்தொடரில் 'டூ' முன்னேறியும் எதிர்மறைக் கூற்றில் பின்தங்கியும் இருக்கக் காணலாம். எனவே வினாவில் மாற்றம் விரைவாகவும் எதிர்மறையில் மெதுவாகவும் நிகழ்ந்தது என்றே மேலோட்டமாகப் பார்ப்பவர் கூறுவர். கிரோக் அவ்விழுக்காடுகளை 'லாஜிஸ்டிக்' என்னும் 'எஸ்' வடிவ வளைகோட்டில் பொருத்திப் பார்த்தார். கோடுகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. சரிவோ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதாவது, தொடர்வகைகள் முன்பின்னாக நின்றாலும் ஒரே வேகத்தில் நகர்ந்தன. இதிலிருந்து அவர் பெற்ற முடிவே 'மாறா வீதக் கருதுகோள்' எனப்படுகிறது. பல இடங்களில் தோன்றும் மாற்றங்கள் தனித்தனி மாற்றங்கள் அல்ல. அடியில் இலக்கணத்தில் நிகழும் ஒரே மாற்றத்தின் வெளித்தோற்றங்கள் என்பது அதன் சாரம். வினைச்சொல் தன்னிடத்தைவிட்டு எதிர்மறைச் சொல்லுக்கு முன்னே பெயர்ந்து செல்லும் பழைய ஆற்றலை ஆங்கிலம் இழந்தது. அவ்விழப்பின் விளைவே 'டூ' என்றார்.

இந்தக் கருதுகோள் என்னைக் கவர்ந்த ஒன்று. கணக்கீட்டை வெறும் விழுக்காட்டுப் பட்டியலாக விட்டுவிடாமல் இலக்கணக் கோட்பாட்டோடு பிணைத்ததே இதன் பெருமை. ஆயினும் இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. சரிவுகளிடையே வேறுபாடு காணப்படவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. தரவு சிறிதாயின் எந்த இரு கோடுகளும் ஒத்த சரிவுடையனவாகவே தோன்றும். புள்ளியியல் சோதனை, வேறுபாட்டை மெய்ப்பிக்கவே வகுக்கப்பட்டது. அது தோல்வியுறுவதை ஒற்றுமைக்குச் சான்றாகக் கொள்வது, வழக்குமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரை உத்தமர் என்று பட்டயம் எழுதிக் கொடுப்பதை ஒக்கும். கிரோக்கைப் பின்பற்றி எழுந்த ஆய்வுகள் சிலவற்றில் இவ்வேறுபாடு மறக்கப்பட்டு, சில நூறு தொடர்களை வைத்துக்கொண்டே 'மாறா வீதம்' உறுதி செய்யப்பட்டதாகக் கூறப்படுகிறது.

மற்றொரு சிக்கல் 1575ஐ ஒட்டி எழுகிறது. அதுவரை ஒன்றாக ஏறிவந்த கோடுகள் அதன்பின் பிரிகின்றன. எதிர்மறைக் கூற்றில் 'டூ' திடீரெனச் சரிகிறது. உடன்பாட்டுக் கூற்றிலோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரை உயர்ந்தபின் தேய்ந்து மறையத் தொடங்குகிறது. கிரோக் இதை இலக்கண மறுபகுப்பின் அடையாளமாகக் கொண்டார். ஆனால், யார்க் பல்கலைக்கழகத்தின் அந்தனி வார்னர் 2005இல் அதே எல்லெகோர்டின் தரவை நூல்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நூலின் நடையும் எத்தன்மையது என்பதைச் சொல்வளம் முதலிய அளவுகளால் கணித்துப் பார்த்தார். எதிர்மறையில் 'டூ' வீழ்ந்ததில் நடைவேறுபாட்டுக்கும் பங்கு உண்டு என்பது அதனால் வெளிப்பட்டது. ஒரு நூற்றாண்டின் சராசரி என்று நாம் கூறுவது, அந்நூற்றாண்டில் எவ்வகை நூல்கள் நம் கைக்கு எட்டின என்பதையும் சேர்த்தே கூறுகிறது. புதிய தரவு எதுவும் திரட்டாமல், பழைய அட்டவணையை வேறு கண்கொண்டு பார்த்தே வார்னர் இதைச் செய்தார். ஆய்வு மாணவர்க்கு நான் முதலில் பரிந்துரைப்பது இக்கட்டுரையையே.

இவ்வரிசையில் 2015இல் பென்சில்வேனியாவில் அளிக்கப்பட்ட ஆரன் ஈகேயின் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் குறிப்பிட வேண்டும். 'டூ'வின் வளர்ச்சி பழைய இலக்கணத்திலிருந்து புதிய இலக்கணத்திற்கு ஒரே தாவலாக நிகழ்ந்ததன்று, இடையில் தனி இயல்புகளையுடைய ஓர் இலக்கணநிலை இருந்தது என்பது அவர் வாதம். உடன்பாட்டுக் கூற்றில் ஏறி மறைந்த அந்தப் புதிரான 'டூ'வை விளக்கத் தெரியாத விலக்காக ஒதுக்காமல் சான்றாக மாற்றியதே இவ்வேட்டின் சிறப்பு.

மரவடிவத் தரவகங்கள்

எல்லெகோர்டின் அட்டவணையிலிருந்து இன்றைய நிலைக்கு வந்ததற்கு இடைப்பட்ட உழைப்பு, தொடரமைப்புக் குறியிடப்பட்ட தரவகங்களை உருவாக்கியதே. 1991இல் வெளியான ஹெல்சிங்கித் தரவகம், பழைய ஆங்கிலம் முதல் 1710 வரையிலான ஏறத்தாழ 15 இலட்சம் சொற்களைக் கொண்டது. அதன் இடைக்கால ஆங்கிலப் பகுதியை விரித்து, ஒவ்வொரு தொடருக்கும் மரவடிவப் பகுப்பைச் சேர்த்து ஆன் டெய்லரும் கிரோக்கும் 2000இல் வெளியிட்டனர். 2003இல் யார்க்கிலிருந்து பழைய ஆங்கில உரைநடைக்கும், 2004இல் தொடக்ககால நவீன ஆங்கிலத்திற்கும் இத்தகைய தரவகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் பத்து இலட்சத்திற்கும் இருபது இலட்சத்திற்கும் இடைப்பட்ட சொற்களே உடையது. இன்றைய அளவில் இது மிகச் சிறிது. ஆயினும் ஒவ்வொரு தொடரையும் மனிதர் ஒருவர் பார்த்துத் திருத்தியிருக்கிறார். கணினி முதலில் ஒரு பகுப்பைத் தரும். அறிந்தவர் அதைச் சரிபார்ப்பார்.

செய்யுளின் சொற்கள் கிடந்தவாறன்றிக் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ள வேண்டிய இடத்தில் உரைகாரர் செய்த பணிக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. எச்சம் எதைக் கொண்டு முடிகிறது என்று உரைகாரர் எழுதி வைத்ததை, இவர்கள் அடைப்புக்குறிகளால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குறியீடு மட்டும் போதாது என்பதற்குச் சூசன் பின்ட்சுக் 1991இல் அளித்த ஆய்வேடு சிறந்த எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலத்தில் வினை தொடரின் நடுவிலும் வரும், இறுதியிலும் வரும். தொடரிறுதியில் நிற்கும் வினை தன்னிடத்திலேயே நிற்கிறதா, பெயர்ந்து வந்தும் அதன்பின் வேறு சொல் இல்லாமையால் இறுதியில் நிற்பதாகத் தோன்றுகிறதா என்பதை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. பின்ட்சுக், வினையோடு சேர்ந்துவரும் இடைச்சொற்களும் மாற்றுப்பெயர்களும் எங்கே நிற்கின்றன என்பதைத் தடயமாகக் கொண்டு, ஐயமற்ற தொடர்களை மட்டும் பிரித்து எண்ணினார். இரு வாக்கிய அமைப்புகள் ஒரே காலத்தில், ஒரே எழுத்தாளரிடத்திலும்கூடப் போட்டியிட்டன என்னும் அவர் முடிவு அந்தப் பொறுமையின் பயன். எண்ணுவதற்கு முன் எதை எண்ணக்கூடாது என்று தீர்மானிப்பதே கடினமான பணி. அதைக் கணினி நமக்காகச் செய்வதில்லை.

இத்தரவகங்களும் குறையற்றவை அல்ல. 1250 முதல் 1350 வரையிலான நூறாண்டுகளில் இலத்தீனும் பிரெஞ்சும் எழுத்துலகை ஆண்டமையால் ஆங்கில உரைநடை மிக அரிது. அக்காலப் பகுதிக்கு இடைக்காலத் தரவகம் பெரிதும் சார்ந்திருக்கும் நூல்களுள் ஒன்று, கான்டர்பரித் துறவி ஒருவர் 1340இல் முடித்த 'அயன்பைட் ஆஃப் இன்விட்'. அது பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்டது. கென்டு வட்டார வழக்கில் அமைந்தது. ஆக, வரைபடத்தில் 'பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதி' என்று குறிக்கப்படும் புள்ளி, உண்மையில் ஒரு வட்டாரத்தின் மொழிபெயர்ப்பு நடையைப் பெரிதும் சார்ந்த புள்ளியாகும். தரவகத்தைத் தொகுத்தவர்கள் இதை மறைக்கவில்லை. நூல் இயற்றப்பட்ட காலமும் ஏட்டுப்படியின் காலமும் வேறாயின் இரண்டையும் கோப்பின் பெயரிலேயே குறித்திருக்கிறார்கள். அக்குறிப்பைப் படிக்காமல் வளைகோடு வரைபவர்களே குறைக்குரியவர்கள்.

சொற்பொருள் மாற்றத்தின் 'விதிகள்'

மற்றொரு மரபு இதனினும் இளையது, வேகமானது, புகழ்மிக்கது. ஒரு சொல்லின் பொருளை அதனோடு அடுத்து வழங்கும் சொற்களால் அறியலாம் என்னும் பழைய கருத்தே இதன் அடிப்படை. ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களின் அருகில் எத்தனை முறை வருகிறது என்பதைக் கணித்து, அதைச் சில நூறு எண்களாலான ஒரு திசையனாகக் கணினி சுருக்குகிறது. 1850களின் நூல்களுக்கு ஒரு தொகுதி, 1950களின் நூல்களுக்கு ஒரு தொகுதி எனத் திசையன்களைப் பெற்று, ஒரே சொல்லின் இரு திசையன்களுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்தால், அச்சொல் எவ்வளவு பொருள் மாறிற்று என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். விதை தூவுதலைக் குறித்த 'பிராட்காஸ்ட்' என்னும் சொல் ஒலிபரப்பைக் குறிக்கலானதை இம்முறை தெளிவாகவே காட்டுகிறது.

ஸ்டான்ஃபோர்டில் அப்போது முனைவர் பட்ட ஆய்வாளராயிருந்த வில்லியம் ஹாமில்டன், ஜூரே லெஸ்கோவெக், டான் ஜுராஃப்ஸ்கி ஆகியோருடன் இணைந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம் ஆகிய நான்கு மொழிகளின் தரவுகளிலிருந்து இரு விதிகளை அவர்கள் முன்வைத்தனர். அடிக்கடி வழங்கும் சொற்கள் மெதுவாகவே பொருள் மாறும் என்பது ஒன்று. வழக்கின் அளவு ஒத்திருக்குமாயின், பல்பொருள் உடைய சொற்கள் விரைவாகப் பொருள் மாறும் என்பது மற்றொன்று. இரு காலத் திசையன்களையும் ஒரே தளத்தில் வைத்து ஒப்பிட அவர்கள் கையாண்ட கணிதமுறைக்குப் 'புரோகிரஸ்டஸ்' என்று பெயர். வந்த விருந்தினரைத் தன் கட்டிலின் நீளத்திற்கேற்ப இழுத்தும் வெட்டியும் பொருத்திய கிரேக்கக் கதைக் கொடியவனின் பெயர் அது. நியாயமாகச் சொன்னால், இங்கே கையாளப்பட்ட வகை எதையும் இழுப்பதில்லை, வெட்டுவதுமில்லை. சுழற்றித் திருப்பிப் பொருத்துவதோடு நிற்கிறது.

'விதி' என்னும் சொல்லை மொழியியலாளர் எளிதில் வழங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரிம் கண்ட ஒலிமாற்றம் 'விதி' என்று பெயர் பெற்றபின்னும், அதற்கு அடங்காத சொற்களை விளக்க 1870களில் வெர்னர் வரவேண்டியிருந்தது. விலக்குகளை ஒவ்வொன்றாக விளக்கியே அவ்விதிகள் உறுதிபெற்றன. ஆகவே, நான்கு மொழிகளின் இருநூறாண்டுத் தரவிலிருந்து ஒரு கட்டுரையில் இரு விதிகள் பிறந்தபோது, மரபுவழி வரலாற்று மொழியியலாளர் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த ஐயம் வெறும் முகச்சுளிப்பாக நின்றிருந்தால் பயனில்லை. அதைச் சோதனையாக மாற்றியவர் மற்றொரு முனைவர் பட்ட ஆய்வாளர்.

எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டிருந்த ஹைம் டுபோசார்ஸ்கி, டாப்னா வைன்ஷல், எய்தன் குரோஸ்மன் ஆகியோருடன் 2017இல் வெளியிட்ட கட்டுரையே இங்கு என் கருத்துக்கு அச்சாணி. அவர்களது வழி மிக எளியது. நூல்களின் காலவரிசையைக் கலைத்துவிடுங்கள். எல்லாப் பத்தாண்டுகளின் தொடர்களையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கி, மீண்டும் பத்தாண்டுப் பெட்டிகளில் இடுங்கள். இப்போது '1850' என்ற பெட்டியிலும் '1950' என்ற பெட்டியிலும் எல்லாக் காலத் தொடர்களும் கலந்தே கிடக்கின்றன. அவற்றிடையே வரலாற்று மாற்றம் என்று ஒன்று இருக்க வழியில்லை. இன்னொரு சோதனையில், ஒரே ஆண்டின் தரவிலிருந்தே பல மாதிரிகளை எடுத்து அவற்றைப் பல காலங்கள்போல நடத்தினார்கள். அங்கும் மாற்றம் இருக்க இயலாது. பிறகு அதே கருவியால் அதே 'விதி'களைத் தேடினார்கள்.

விதிகள் அங்கும் தலைகாட்டின. வழக்கு மிகுந்த சொற்கள் மெதுவாக மாறும் என்னும் விதி பெரும்பாலும் கருவியே விளைவித்தது என்று தெரியவந்தது. பல்பொருண்மை விதியோ, வழக்களவின் நிழலாகப் பெரும்பாலும் முடிந்தது.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் கணிதம் அறியாதவர்க்கும் விளங்கக்கூடியதே. ஆயிரக்கணக்கான இடங்களில் வரும் ஒரு சொல்லின் அண்டைச் சொற்களை எண்ணினால், எந்த மாதிரியை எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே படம் கிடைக்கும். இருபது இடங்களில் மட்டுமே வரும் சொல்லுக்கோ, ஒரு மாதிரியில் சமையற் குறிப்பும் மற்றொன்றில் நீதிமன்றத் தீர்ப்பும் அகப்பட்டுவிட்டால் படம் முற்றிலும் மாறிவிடும். சொல் மாறவில்லை, மாதிரி மாறியது. அரிய சொல்லின் திசையன் எப்போதும் தள்ளாடிக்கொண்டே இருக்கும். அத்தள்ளாட்டத்தைக் கோணமாக அளந்துவிட்டு 'அரிய சொற்கள் விரைவாகப் பொருள் மாறுகின்றன' என்று எழுதினால், நாம் அளந்தது மொழியை அன்று, நம் தரவின் பஞ்சத்தை.

டுபோசார்ஸ்கியின் பணியில் நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. தம் சொல்வகையின் மையத்தில் நிற்கும் சொற்கள் மெதுவாக மாறும் என்று 2015இல் ஒரு கட்டுரையில் கூறியவர்களுள் அவரும் ஒருவர். 2017ஆம் ஆண்டுக் கட்டுரை சோதித்த மூன்று விதிகளுள் அதுவும் ஒன்று. அதன் வலிமையும் முன்பு கூறப்பட்டதைவிட மிகக் குறைந்ததே என்று அவர்களே வெளியிட்டார்கள். தாம் பயிரிட்டதையும் பிறர் பயிரிட்டதையும் ஒரே அரிவாளால் அறுத்துப் பார்க்கும் இத்துணிவு, முனைவர் பட்ட மாணவரிடம் அரிதாகவே காணப்படுகிறது. ஹாமில்டன் குழுவினர் தம் நிரல்களையும் திசையன்களையும் வெளிப்படையாக வைத்ததையும் இங்குச் சொல்ல வேண்டும். வெளிப்படுத்தாத ஆய்வை யாரும் மறுக்கவும் முடியாது.

தரவின் பேரளவும் அதன் நோய்களும்

மேற்கூறிய சொற்பொருள் ஆய்வுகள் பலவற்றின் ஊற்று, கூகுள் நூல்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்ட சொல்வரிசைத் தரவு. 2011இல் 'சயின்ஸ்' இதழில் அது அறிமுகமானபோது, ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள், அதாவது அதுவரை அச்சிடப்பட்ட நூல்கள் அனைத்திலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு, அதில் அடங்கியுள்ளதாகக் கூறப்பட்டது. வியக்கத்தக்க அளவுதான். ஆனால் 2015இல் பெச்செனிக், டான்ஃபோர்த், டாட்ஸ் ஆகியோர் காட்டியதுபோல, இருபதாம் நூற்றாண்டு நெடுகிலும் அதில் அறிவியல் நூல்களின் பங்கு பெருகிக்கொண்டே செல்கிறது. ஒரு சொல் பொருள் மாறியதா, அல்லது அச்சொல்லை வேறு பொருளில் வழங்கும் துறைநூல்கள் மிகுதியாக அச்சாயினவா என்பதை அத்தரவு தானாகச் சொல்லாது. வார்னர் கண்ட நடைச் சிக்கலே இங்கு மலையளவாக நிற்கிறது. பழைய அச்சில் நீண்டு நிற்கும் 'எஸ்' எழுத்தை எழுத்துணரி 'எஃப்' என்று படித்துவிடுவதால், பதினெட்டாம் நூற்றாண்டில் வழங்காத சொற்கள் வழங்கியதாகவும் 1800ஐ ஒட்டி அவை ஒரேயடியாக மறைந்ததாகவும் வரைபடம் காட்டுவதும் பலர் அறிந்ததே. அச்சுக்கூடத்தின் எழுத்துரு மாற்றத்தை மொழிமாற்றமாகக் காணும் விபத்து அது.

காலத்தை எத்தனை ஆண்டுகளாகக் கூறுபோடுவது என்பதும் முடிவைத் திருப்பக்கூடும். 2017இல் 'நேச்சர்' இதழில் நியூபெரி முதலியோர், ஆங்கில இறந்தகால வினைகளின் மாற்றம் தேர்வுவிசையால் நிகழ்ந்ததா தற்செயல் அலைவால் நிகழ்ந்ததா என்று மரபணுவியலின் சோதனைமுறையால் ஆராய்ந்து, பெரும்பாலான வினைகளில் தற்செயலை மறுக்க இயலவில்லை என்றனர். எடின்பரோவில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஆந்திரெஸ் கார்யுஸ், பிறருடன் 2020இல் வெளியிட்ட கட்டுரை, அதே சோதனையில் காலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றினாலே முடிவுகள் மாறக்கூடும் என்று காட்டியது. எந்தக் கூறுபாட்டைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதாத ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்பலாம் என்பது என் கருத்து. இதைக் கடுமை என்று சிலர் கருதக்கூடும்.

2020இல் நடைபெற்ற 'செம்எவால்' பொதுப்போட்டி இத்துறையை மீண்டும் மனிதரின் படிப்பறிவுக்குத் திருப்பியது. ஆங்கிலம், ஜெர்மன், இலத்தீன், சுவீடியம் ஆகிய மொழிகளில் எந்தச் சொற்கள் பொருள் மாறின என்று கணினிமுறைகள் கண்டறிய வேண்டும். ஆங்கிலத்திற்கு 1810–1860, 1960–2010 ஆகிய இரு காலங்கள்; ஆராய வேண்டிய சொற்கள் 37 மட்டுமே. விடையைத் தீர்மானித்தது மனிதர் தந்த மதிப்பீடு. ஒரே சொல் வரும் இரு தொடர்களை அருகருகே வைத்து, அச்சொல் இரண்டிலும் எவ்வளவு நெருங்கிய பொருளில் வருகிறது என்று மதிப்பெண் இட்டவர்கள் மனிதர்கள். 'பிளேன்' என்னும் சொல் தளத்தையும் வானூர்தியையும் குறிப்பதை அறிய, யாரோ ஒருவர் உட்கார்ந்து தொடர்களைப் படிக்க வேண்டியிருந்தது. சூழலுக்கேற்பத் திசையனை மாற்றும் புதிய பெருமாதிரிகளைவிடப் பழைய எளிய திசையன்களே அப்போட்டியில் மேம்பட்டு நின்றன என்பது எதிர்பாராத முடிவு. போட்டியை நடத்திய குழுவில் டுபோசார்ஸ்கியும் இருந்தார். கோடிக்கணக்கான சொற்களில் தொடங்கிய பயணம் முப்பத்தேழு சொற்களில் வந்து நின்றதை வீழ்ச்சி என்று நான் கருதவில்லை.

தமிழில் இத்தகைய ஆய்வை மேற்கொள்ள விரும்பும் மாணவர்க்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய தடையொன்று உண்டு. நம் பழைய இலக்கியங்கள் பலவற்றின் காலமே கருத்து வேறுபாட்டிற்கு உரியது. கிடைமட்ட அச்சில் ஆண்டு எழுத முடியாத இடத்தில் வளைகோடு வரைவது எவ்வாறு? சொற்களின் வடிவத்தைக் கொண்டு நூலின் காலத்தைக் கணித்துவிட்டு, அக்காலத்தைக் கொண்டு சொற்களின் மாற்றத்தைக் கணிப்பது வட்டத்தில் சுற்றுவதாகும். ஆண்டு பொறித்த கல்வெட்டுகளும் நாளிட்ட இதழ்களும் இச்சிக்கலுக்குப் பெரிதும் அப்பாற்பட்டவை. இவ்வட்டாரத்திலேயே, மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை வெளிவந்த 'சிங்கைநேசன்' வார இதழும், 1935இல் கோ. சாரங்கபாணியால் தொடங்கப்பட்ட 'தமிழ் முரசு' நாளிதழும் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவற்றை ஒப்பிட்டு அரைநூற்றாண்டு மாற்றத்தை அளக்க ஒரு மாணவர் முன்வருவாராயின், 'சிங்கைநேசன்' இதழ்களை முதலில் குருட்டுத்தனமாக இரு கூறாகக் குலுக்கிப் பிரிக்குமாறு கேட்டுக்கொள்வேன். ஒரே இதழின் அவ்விரு கூறுகளுக்கிடையே கால வேறுபாடு எதுவும் இல்லை. அங்கும் சில சொற்கள் 'மாறியதாக' அவர் கருவி காட்டும். அப்பட்டியலை அவர் என் மேசையில் வைத்த பின்னர் 1935ஆம் ஆண்டின் இதழ்களைத் திறக்கலாம்.